ஆறு சுவர்கள் இருந்தும் தோற்பது ஏன்? தற்காப்பு அணியைச் சமநிலையோடு கட்டுவது பற்றி

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர்க் கல்லூரிக்குத் தினமும் பேருந்தில் போய்வரும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “அண்ணா, போக்கிமான் ஷோடவுனில் ஒன்பதாம் தலைமுறை ஓ.யூ. ஆடுகிறேன். ப்ளிஸ்ஸி, டாக்ஸபெக்ஸ், கார்விநைட், டான்டோசோ, கிளாட்சயர், ஸ்கார்மரி என்று ஆறு பேரையும் அடி தாங்குகிறவர்களாகவே வைத்திருக்கிறேன். முதல் இருபது டர்ன் வரை யாரும் விழுவதில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொருவராகச் சரிந்து தோற்றுவிடுகிறேன். எதை மாற்ற வேண்டும்? ப்ளிஸ்ஸியை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள்.”

(ஷோடவுன் என்பது போக்கிமான் சண்டைகளை இணையத்தில் ஆடும் தளம், ஓ.யூ. அதில் ஒரு பிரிவு, டர்ன் என்பது ஒரு சுற்று.) உங்கள் அணியில் அடி வாங்க ஆறு பேர் இருக்கிறார்கள். அடி வாங்கிச் சம்பாதித்த நேரத்தைச் செலவழிக்க ஒருவர்கூட இல்லை. ஏழு பேரும் பிடிப்பதில் கெட்டிக்காரர்களாக இருந்து, ரெய்டு போக ஆளில்லாத கபடி அணியைப் போல, உங்கள் முறை வரும்போதெல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கிறீர்கள். தற்காப்பு என்பது நேரம் வாங்குவது. அந்த நேரத்துக்கும் ஒரு எல்லை உண்டு. அது எங்கே முடிகிறது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிட்டு, அதற்குள் ஆட்டத்தை முடிக்கும் வழியையும் சேர்த்துக் கட்டினால்தான் அது சமநிலையான அணி.

எல்லை உண்டு என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் பி.பி., அதாவது ஒரு மூவை ஓர் ஆட்டத்தில் எத்தனை முறை பயன்படுத்தலாம் என்ற எண்ணிக்கை. 2022 நவம்பர் 18 அன்று வெளிவந்த ஸ்கார்லெட், வயலெட் ஆட்டங்களில் ரிக்கவர், ரூஸ்ட், சாஃப்ட்-பாயில்ட், ஸ்லாக் ஆஃப் போன்ற குணமாகும் மூவ்களின் அடிப்படைப் பி.பி. பத்திலிருந்து ஐந்தாகக் குறைக்கப்பட்டது. ஷோடவுனில் எல்லா மூவ்களுக்கும் பி.பி. முழுமையாக உயர்த்தியே தரப்படுவதால், முன்பு பதினாறு முறை குணமாகிக்கொண்டிருந்த ப்ளிஸ்ஸி இப்போது எட்டு முறைதான் குணமாக முடியும். எதிராளியின் சாதாரணத் தாக்குதல் மூவ்களுக்கோ பதினாறு அல்லது இருபத்துநான்கு முறை இருக்கிறது. ஆக, “நீ அடி, நான் குணமாகிறேன்” என்று எதிரெதிரே நின்றால் முதலில் கை காலியாகப்போவது நீங்கள்தான். இணையத்தில் கிடைக்கும் பழைய தற்காப்பு அணி விளக்கங்கள் பெரும்பாலும் இந்த மாற்றத்துக்கு முன் எழுதப்பட்டவை. அவற்றைப் பார்த்து அப்படியே அணி கட்டுகிறவர்கள் உங்களைப் போலவே இருபதாவது டர்னுக்கு மேல் தடுமாறுவதில் வியப்பில்லை.

இரண்டாவது காரணம் அதிர்ஷ்டம். ஏழாம் தலைமுறையிலிருந்து கிரிட்டிக்கல் ஹிட் விழும் வாய்ப்பு 24-இல் ஒன்று. ஒரு அடிக்கு அது நான்கு சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனால் பதினாறு அடி வாங்கினால் அவற்றில் ஒன்றாவது கிரிட்டிக்கலாக விழும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதி. கிரிட்டிக்கல் ஒன்றரை மடங்கு சேதம் தருவதோடு, நீங்கள் அயர்ன் டிஃபென்ஸ் போட்டு ஏற்றிவைத்த தற்காப்பையும் பொருட்படுத்தாது. ஆட்டத்தை நீட்டுகிறவர்தான் இந்தச் சீட்டை அதிகம் குலுக்குகிறார். “எப்போதும் எனக்கே துரதிர்ஷ்டம்” என்று ஸ்டால், அதாவது தாங்கித் தாங்கி இழுத்தடிக்கும் பாணி, ஆடுகிறவர்கள் புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் அதிக டர்ன் ஆடுகிறார்கள், அதனால் அதிக முறை அடி வாங்குகிறார்கள் என்பதுதான் அதன் விளக்கம்.

ஸ்கார்மரியையும் ப்ளிஸ்ஸியையும் சேர்த்து வைப்பது இரண்டாம் தலைமுறை தொட்டு வந்த பழக்கம். ஒன்று உடல்வழித் தாக்குதலைத் தாங்கும், மற்றொன்று ஸ்பெஷல் தாக்குதலைத் தாங்கும். அந்தக் காலத்தில் எல்லா ஸ்டாட்களையும் (எச்.பி. என்ற உயிர், தாக்குதல், தற்காப்பு, வேகம் போன்ற எண்களையும்) ஒரே போக்கிமானில் முழுமையாக ஏற்ற முடிந்ததால் தாங்குகிறவர்களின் கை ஓங்கியிருந்தது. 2002-இல் மூன்றாம் தலைமுறை, ஸ்டாட்களை உயர்த்தப் பங்கிடும் ஈவி புள்ளிகளுக்கு மொத்தம் 510, ஒரு ஸ்டாட்டுக்கு அதிகபட்சம் 255 என்று வரம்பு வைத்தது. ஆறாம் தலைமுறையில் அந்த 255-உம் 252 ஆனது. 2006-இல் நான்காம் தலைமுறை, களத்தில் இறங்குகிற ஒவ்வொருவரையும் காயப்படுத்தும் கற்களை விரிக்கும் ஸ்டெல்த் ராக்கைக் கொண்டுவந்தது. அதன்பின் “மாறி மாறி இறங்கித் தாங்கு” என்ற உத்தி ஒவ்வொரு இறக்கத்துக்கும் விலை கொடுக்க வேண்டியதாயிற்று. உங்கள் ஆறு பேரும் எங்கே சரிகிறார்கள் என்று தேடினால் அந்த விலையில்தான் போய் நிற்கும்.

ஸ்டெல்த் ராக் சாதாரணமாக இறங்குகிறவரின் முழு எச்.பி.-யில் எட்டில் ஒரு பங்கை எடுக்கும். ராக் டைப்புக்கு இரண்டு மடங்கு பலவீனம் இருந்தால் கால்வாசி, நான்கு மடங்கு என்றால் பாதி. தரையில் நிற்பவர்களை மட்டும் குத்தும் முட்களான ஸ்பைக்ஸ் ஓர் அடுக்கு இருந்தால் எட்டில் ஒன்று, இரண்டு அடுக்கு ஆறில் ஒன்று, மூன்று அடுக்கு கால்வாசி. பறக்கும் இருவரைத் தவிர உங்கள் அணியில் ப்ளிஸ்ஸி, டாக்ஸபெக்ஸ், டான்டோசோ, கிளாட்சயர் நால்வரும் தரையில் நிற்பவர்கள். எதிராளி ஸ்டெல்த் ராக்கோடு ஓர் அடுக்கு ஸ்பைக்ஸ் விரித்துவிட்டாலே, அந்தச் சேதம் முழுதாக விழும் ப்ளிஸ்ஸியும் டான்டோசோவும் டாக்ஸபெக்ஸும் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கால்வாசி உயிரை வாசலிலேயே கொடுத்துவிட்டு உள்ளே வருகிறார்கள். அவர்களில் டாக்ஸபெக்ஸ் ஒன்றுக்குத்தான் ரீஜெனரேட்டர் இருக்கிறது. அது களத்தை விட்டு வெளியேறும்போது மூன்றில் ஒரு பங்கு எச்.பி.-யைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். டான்டோசோவுக்குத் தூங்கி எழுவதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது.

“விரித்ததை அகற்ற டீஃபாக் இருக்கிறதே” என்பீர்கள். எதிரணியில் கோல்டெங்கோ இருக்கும்வரை அது இல்லாத மாதிரிதான். ‘குட் ஆஸ் கோல்டு’ என்ற அதன் அபிலிட்டி, அதன்மேல் ஏவப்படும் ஸ்டேட்டஸ் மூவ்கள் எதையும் ஏற்காது. டீஃபாக்கும் அதில் அடக்கம். கோஸ்ட் டைப் என்பதால், விரித்ததை அகற்றும் இன்னொரு மூவான ராபிட் ஸ்பின்னும் அதைத் தொடாது. உங்கள் கார்விநைட் டீஃபாக் போட வரும் டர்னில் எதிராளி கோல்டெங்கோவை இறக்கினால், தரையில் விரித்தது அப்படியே கிடக்கும்; அடுத்த டர்னில் நீங்கள் பின்வாங்க வேண்டியிருக்கும்; பின்வாங்கி இறங்குகிறவர் மறுபடி ஸ்பைக்ஸ் மேல் கால் வைப்பார். இந்தச் சுழல் நான்கைந்து முறை நடந்தால் இருபதாவது டர்ன் வந்துவிடும். உங்கள் அணியில் யாரும் பலவீனமானவர்கள் அல்லர். நுழைவுச் சேதத்தை அதிகமாகச் செலுத்துகிறவர்களாக இருக்கிறார்கள்.

இன்னொரு குறை, ஒரே வேலைக்கு இரண்டு பேர். கார்விநைட்டும் ஸ்கார்மரியும் ஸ்டீல்-ஃபிளையிங். இருவருக்கும் தீயும் மின்சாரமும் ஆகாது. டாக்ஸபெக்ஸும் கிளாட்சயரும் பாய்சன். டான்டோசோவையும் கிளாட்சயரையும் அன்அவேர் அபிலிட்டிக்காக, அதாவது எதிராளி ஏற்றிக்கொண்ட ஸ்டாட்களைப் பொருட்படுத்தாத குணத்துக்காக, வைத்திருக்கிறீர்கள். பயத்தால் இரட்டிப்பாக்கிக்கொண்ட காப்பு இது. ஆறு இடங்கள்தான் இருக்கின்றன. ஒரே கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டால் வேறொரு கதவு திறந்து கிடக்கும்.

இனி, எப்படிக் கட்டுவது. பலர் “சிறந்த உடல்வழிச் சுவர் எது, சிறந்த ஸ்பெஷல் சுவர் எது” என்று தொடங்குகிறார்கள். என் வழக்கம் வேறு: தரையில் ஸ்பைக்ஸ் விரிக்கிறவர் யார், அவரை மறுபடி மறுபடி உயிர்ப்பிக்கிறவர் யார் என்று ஒரு சோடியைத் தேர்ந்தெடுப்பேன். எதிராளியை நகரவிடாமல் தொந்தரவு செய்யும் வேலை முதல் சோடியிலேயே தொடங்கிவிட வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு நான் சொல்லும் சோடி டிங்-லூவும் அலோமோமோலாவும்.

டிங்-லூவின் அடிப்படை எச்.பி. 155, தற்காப்பு 125. அதன் அபிலிட்டி களத்திலிருக்கும் மற்றவர்களின் ஸ்பெஷல் தாக்குதலை 25 சதவீதம் குறைப்பதால், 80 என்று காகிதத்தில் சாதாரணமாகத் தெரியும் அதன் ஸ்பெஷல் தற்காப்பு நடைமுறையில் நன்றாகவே நிற்கும். ஸ்டெல்த் ராக், ஸ்பைக்ஸ், எதிராளியை விரட்டி வேறொருவரை இழுத்துவரும் வேர்ல்விண்ட் மூன்றும் அதற்கு உண்டு. விரித்துவிட்டு வேர்ல்விண்ட் போட்டால், இழுத்துவரப்படும் ஒவ்வொருவரும் நுழைவுச் சேதத்தைக் கட்டுவார்கள். இதுவரை நீங்கள் கட்டியதை இப்போது அவர்கள் கட்டுகிறார்கள். டிங்-லூவின் ஒரே பெரிய குறை, ரெஸ்ட் தவிர குணமாகும் மூவ் எதுவும் அதற்கு இல்லாதது. அந்தக் குறைக்குத்தான் அலோமோமோலா.

அதை ஒரு முறை மெதுவாகப் பார்ப்போம். அலோமோமோலா களத்தில் நிற்கிறது. எதிரில் அதைப் பெரிதாகக் காயப்படுத்த முடியாத ஒருவர். முதல் டர்னில் விஷ் போடுகிறீர்கள். அடுத்த டர்னில் ஃபிளிப் டர்ன். அலோமோமோலாவின் அடிப்படை வேகம் 65 என்பதால் பெரும்பாலும் எதிராளிதான் முதலில் அடிப்பார். அந்த அடியை அலோமோமோலாவே வாங்கிக்கொள்ளும். அதன்பின் அது சிறிது சேதம் கொடுத்துவிட்டு வெளியேறுகிறது. வெளியேறும்போது ரீஜெனரேட்டரால் தனக்கு மூன்றில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. காயம்பட்ட டிங்-லூ அந்த டர்னில் ஒரு தாக்குதலும் வாங்காமல் உள்ளே வருகிறது. டர்ன் முடியும்போது விஷ் வந்து விழுகிறது. ஐந்தாம் தலைமுறையிலிருந்து விஷ், போட்டவரின் முழு எச்.பி.-யில் பாதியைத் தரும். நூறாவது லெவலில் 252 ஈவி ஏற்றிய அலோமோமோலாவின் எச்.பி. 534, அதில் பாதி 267. அதேபோல் ஏற்றிய டிங்-லூவின் எச்.பி. 514. ஆகவே டிங்-லூவுக்குப் பாதிக்கும் சற்று மேலாக உயிர் திரும்புகிறது. விஷ்ஷின் பி.பி. ஒன்பதாம் தலைமுறையில் குறைக்கப்படவில்லை. பதினாறு முறை போடலாம். எட்டு முறை மட்டும் கிடைக்கும் ரிக்கவரை நம்புவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நீண்ட ஆட்டங்களில் நன்றாகத் தெரியும்.

இப்போது டிங்-லூவின் பலவீனங்களை எழுதுங்கள்: ஃபைட்டிங், வாட்டர், கிராஸ், ஐஸ், பக், ஃபேரி. அலோமோமோலாவுக்கு கிராஸும் எலக்ட்ரிக்கும். எலக்ட்ரிக்கை டிங்-லூ பார்த்துக்கொள்ளும், வாட்டரையும் ஐஸையும் அலோமோமோலா பார்த்துக்கொள்ளும். மீதம் நிற்பவை ஃபைட்டிங், கிராஸ், பக், ஃபேரி. கார்விநைட்டை இறக்கினால் கிராஸும் பக்கும் கால்வாசியாகக் குறைகின்றன, ஃபேரி பாதியாகிறது, கிரவுண்ட் அறவே படாது. காலர் (Galar) பகுதி வகை ஸ்லோகிங்கை இறக்கினால் ஃபைட்டிங் கால்வாசியாகவும் ஃபேரியும் கிராஸும் பாதியாகவும் குறைகின்றன. அதற்கும் ரீஜெனரேட்டர் உண்டு. ஸ்லோகிங்குக்கு ஆகாத கோஸ்ட், டார்க் இரண்டையும் டிங்-லூ தாங்கும். கிரவுண்டுக்குக் கார்விநைட் இருக்கிறது. கார்விநைட்டுக்கு ஆகாத தீக்கு அலோமோமோலா, மின்சாரத்துக்கு டிங்-லூ. இப்படி நால்வரும் ஒருவர் குறையை ஒருவர் அடைத்துக்கொள்கிறார்கள். உங்கள் ஆறு பேரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: இந்த நால்வரில் எந்த வேலையும் இரண்டு முறை வரவில்லை.

இந்த நால்வரில் மூவருக்குக் களத்தை விட்டு வெளியேறும்போதே அடுத்தவரைப் பத்திரமாக இறக்கும் மூவ் உண்டு: அலோமோமோலாவுக்கு ஃபிளிப் டர்ன், கார்விநைட்டுக்கு யூ-டர்ன், ஸ்லோகிங்குக்குச் சில்லி ரிசெப்ஷன். மெதுவாக இருப்பது இங்கே குறையாகாது. மெதுவாக வெளியேறுகிறவர்தான் அடியைத் தான் வாங்கிக்கொண்டு அடுத்தவரை நோகாமல் இறக்க முடியும். ஆகவே இவர்களில் யாருக்கும் வேகத்துக்கு ஈவி செலவழிக்க வேண்டாம்.

ஐந்தாவது, ஆறாவது இடங்களுக்கு வருவோம். இவை ஆட்டத்தை முடிக்கிறவர்களுக்கான இடங்கள். இங்கே இன்னொரு சுவரை வைக்கும் ஆசையைக் கட்டாயம் அடக்குங்கள். ஐந்தாவதாக நான் கோல்டெங்கோவையே வைப்பேன். இதுவரை உங்களைப் படுத்தியதை இனி எதிராளிக்குச் செய்யலாம்: டிங்-லூ விரித்ததை அவர்கள் டீஃபாக் போட்டோ ராபிட் ஸ்பின் அடித்தோ அகற்ற வரும்போது கோல்டெங்கோ குறுக்கே நிற்கும். கிரேட் டஸ்க் ராபிட் ஸ்பின்னோடு எர்த்குவேக்கும் வைத்திருக்கும் என்பதால் அதன் முன்னால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இறக்கக் கூடாது. அதற்குக் கார்விநைட்தான் ஆள். ஸ்பெஷல் தாக்குதலை ஏற்றும் நாஸ்டி பிளாட்டும் ரிக்கவரும் கொண்ட கோல்டெங்கோ, எதிரணி நுழைவுச் சேதத்தால் தேய்ந்த பிறகு தனியாகவே ஆட்டத்தை முடித்துவிடும்.

ஆறாவது இடத்தில்தான் நம் பிள்ளைகள் பெரும்பாலும் வழுக்குகிறார்கள். வேகமான ஒருவர் வேண்டும் என்று டிராகபல்ட்டை வைப்பார்கள். அடிப்படை வேகம் 142, பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதுவும் கோஸ்ட். ஸ்லோகிங், கோல்டெங்கோ, டிராகபல்ட் மூவருக்கும் கோஸ்டும் டார்க்கும் ஆகாது என்றால், நாக் ஆஃப் (டார்க்) அடிக்கிற ஒருவரும் ஷேடோ பால் (கோஸ்ட்) அடிக்கிற ஒருவரும் எதிரில் இருக்கும்போது எல்லாச் சுமையும் டிங்-லூ தலையில் விழும். தானாகக் குணமாகத் தெரியாத ஒருவரின் தலையில் மூவர் சுமையை ஏற்றுவது கூடாது. அதனால் அயர்ன் வேலியன்டைச் சொல்கிறேன். ஃபேரி-ஃபைட்டிங் என்பதால் டார்க் தாக்குதல் அதன்மேல் கால்வாசிதான் விழும். அடிப்படை வேகம் 116. உடல்வழித் தாக்குதல் 130, ஸ்பெஷல் 120 என்று எந்தப் பக்கமும் வளைக்கலாம். தடைப்பட்டியல் அவ்வப்போது மாறும் என்பதால், பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட “டார்க்கைத் தாங்கக்கூடிய, வேகமான, முடித்துவைக்கும் ஆள்” என்று வேலையை நினைவில் வையுங்கள். பெயர் போனால் அதே வேலைக்கு வேறு பெயரைத் தேடிக்கொள்ளலாம்.

ஸ்டெல்த் ராக் இந்த ஆறு பேரையும் எவ்வளவு உரசுகிறது என்றும் பாருங்கள். டிங்-லூ, கோல்டெங்கோ, வேலியன்ட் மூவருக்கும் பதினாறில் ஒன்றுதான். மற்ற மூவருக்கும் எட்டில் ஒன்று. அவர்களில் இருவர் ரீஜெனரேட்டர்காரர்கள், ஒருவர் ரூஸ்ட் வைத்திருப்பவர். டீஃபாக் தடைபட்டாலும் இந்த அணி உடனே சரியாது.

ஈவி பங்கிடுவதில் உங்கள் ப்ளிஸ்ஸியையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம், ஏனெனில் பலர் தலைகீழாகச் செய்வது அதில்தான். ப்ளிஸ்ஸியின் அடிப்படை எச்.பி. 255, தற்காப்பு 10. நூறாவது லெவலில் ஈவி எதுவும் இல்லாமல் எச்.பி. 651, தற்காப்பு 56. எச்.பி.-யில் 252 ஏற்றினால் 714 ஆகும். கூடுவது பத்து சதவீதத்துக்கும் கீழே. அதே 252-ஐத் தற்காப்பில் ஏற்றினால் 56 என்பது 119 ஆகிறது. இரண்டு மடங்குக்கும் மேல். தற்காப்பை உயர்த்தும் போல்டு நேச்சரும் சேர்ந்தால் 130. உடல்வழி அடியை எவ்வளவு தாங்கும் என்பது எச்.பி.-யையும் தற்காப்பையும் பெருக்கினால் கிடைப்பது. ஒன்று மிகப் பெரிதாகவும் மற்றது மிகச் சிறிதாகவும் இருக்கும்போது சிறிய எண்ணைத்தான் உயர்த்த வேண்டும். டான்டோசோவுக்கு இந்த வேறுபாடு இவ்வளவு பெரிதல்ல: எச்.பி. 441-லிருந்து 504, தற்காப்பு 266-லிருந்து 329. இரண்டிலும் 63 புள்ளிதான் கூடுகிறது, சதவீதத்தில் தற்காப்பு முந்துகிறது. ஆனால் எச்.பி. ஏற்றினால் இருவகைத் தாக்குதலுக்கும் பயன் என்பதால் முதலில் எச்.பி.-யையும் அடுத்துத் தற்காப்பையும் நிரப்புவது சரி.

டேமேஜ் கால்குலேட்டரைத் திறக்கும்போது எந்த எண்ணைத் தேட வேண்டும் என்பதும் முக்கியம். ஒரே தாக்குதல் 85-இலிருந்து 100 சதவீதம் வரை பதினாறு படிகளில் மாறி விழும். அதன் மேல்முனையைப் பாருங்கள். மேல்முனை 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் பாதி உயிரைத் திரும்பத் தரும் மூவ் வைத்து அதன் முன்னால் நிற்க முடியும். ஆனால் “நிற்க முடியும்” என்பதும் “இறங்க முடியும்” என்பதும் வேறு வேறு. இறங்கும்போது ஓர் அடி, தரைச் சேதம், பிறகு குணமாவதற்கு முன் மறுபடி ஓர் அடி. எதிராளி உங்களைவிட வேகமானவர் என்றால் இந்த மூன்றும் சேர்ந்து நூறைத் தாண்டக் கூடாது. ஸ்டெல்த் ராக்கும் ஓர் அடுக்கு ஸ்பைக்ஸும் கால்வாசி எடுத்திருந்தால், அடி ஒன்றுக்கு முப்பத்தேழு சதவீதத்துக்கு மேல் வாங்குகிறவர் அந்த எதிராளிக்குச் சுவர் அல்லர். உங்கள் ஆறு பேரில் பலர் ஐம்பது சதவீதக் கணக்கில் தேறியவர்கள். முப்பத்தேழு கணக்கில் தேறாதவர்கள்.

ஐட்டங்களைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. எட்டாம் தலைமுறையில் வந்த ஹெவி-டியூட்டி பூட்ஸ் தரைச் சேதம் அனைத்தையும் தடுக்கும். லெஃப்ட்ஓவர்ஸ் ஒவ்வொரு டர்னும் பதினாறில் ஒரு பங்கு தரும். ஸ்டெல்த் ராக் எட்டில் ஒன்று எடுப்பதால், இறங்கி இரண்டு டர்ன் நின்றால்தான் லெஃப்ட்ஓவர்ஸ் கணக்கைச் சமன் செய்யும். ஆகவே வந்தவுடன் வெளியேறும் அலோமோமோலாவுக்கும் ஸ்லோகிங்குக்கும் பூட்ஸ், நின்று வேலை செய்யும் டிங்-லூவுக்கு லெஃப்ட்ஓவர்ஸ். கார்விநைட்டுக்கு ராக்கி ஹெல்மெட் கொடுத்தால் தொட்டு அடிக்கிறவர் ஒவ்வொரு முறையும் ஆறில் ஒரு பங்கை இழப்பார். அணியில் ஒருவர் நாக் ஆஃப் வாங்கி ஐட்டத்தை இழக்கத்தான் போகிறார். அது யாராக இருந்தால் பரவாயில்லை என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆட்டத்தின் நடுவே ஒருவரின் டைப்பை மாற்றும் டெராவைப் பெரும்பாலோர் தாக்குவதற்கே வைத்திருக்கிறார்கள். தற்காப்பு அணியில் அதைப் பலவீனத்தைக் கழற்றிப்போடும் கருவியாகப் பார்க்க வேண்டும். டிங்-லூ பாய்சன் டெரா ஆனால் அதன் ஆறு பலவீனங்களில் ஃபைட்டிங், கிராஸ், பக், ஃபேரி நான்கும் எதிர்ப்பாக மாறிவிடுகின்றன; வாட்டரும் ஐஸும் சாதாரணமாகின்றன. டிங்-லூவை வீழ்த்தலாம் என்று ஃபேரி அடியோடு வந்தவர் திகைத்து நிற்கும் அந்த ஒரு டர்னில் நீங்கள் மூன்றாவது அடுக்கு ஸ்பைக்ஸைப் போட்டுவிடலாம். ஆனால் மின்சாரமும் சைக்கிக்கும் படாத குணம் போய்விடும் என்பதையும், அதன்பின் அலோமோமோலாவை மின்சாரத்திலிருந்து காக்க ஆளில்லை என்பதையும் மறக்காதீர்கள். ஓர் ஆட்டத்துக்கு ஒரு முறைதான் என்பதால், எதிரணியில் மின்சாரக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

ஆட்டம் தொடங்குமுன் எதிராளியின் ஆறு பேரும் திரையில் தெரிவார்கள். அந்த நேரத்தில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இவர்களில் யாரை என் அணியில் ஒருவர் மட்டுமே தாங்க முடியும்? அந்த ஒருவரை வேறு எந்த வேலைக்கும் தேய விடக் கூடாது. உதாரணமாக, எதிரில் வாட்டர் முகமூடி அணிந்த ஓகர்பான் இருக்கிறது என்று வையுங்கள். அது கிராஸ்-வாட்டர், டிங்-லூவையும் அலோமோமோலாவையும் தாராளமாகக் காயப்படுத்தும். கிராஸ் அடியைக் கால்வாசியாக வாங்கக்கூடிய கார்விநைட்தான் அதற்கு முதன்மைக் காப்பு. வாட்டர் அடி அதன்மேல் முழுதாகவே விழும், தாக்குதலை ஏற்றும் ஸ்வார்ட்ஸ் டான்ஸ் வேறு போட்டுக்கொண்டால் நிலைமை நெருக்கடிதான். எனவே அந்த ஆட்டத்தில் கார்விநைட்டை டீஃபாக் போடவோ கிரேட் டஸ்க்கோடு மல்லுக்கட்டவோ அனுப்பி அரை உயிராக்கிவிடக் கூடாது. வேகத்தில் அதை முந்தும் வேலியன்டையும் கடைசிவரை வைத்திருக்க வேண்டும். நான் சொன்ன அணிக்கு இது உண்மையான தலைவலி. தலைவலியே இல்லாத அணியை ஆறு இடத்துக்குள் யாராலும் கட்ட முடியாது. டான்ட் போடுகிறவர்களும் தொல்லைதான். டான்ட் விழுந்தால் மூன்று டர்னுக்கு விஷ், ரூஸ்ட், ஸ்பைக்ஸ் எதுவும் வராது. அப்போது தயங்காமல் அடுத்தவரை இறக்குங்கள். வெளியேறினால் டான்ட் நீங்கிவிடும்.

அதிகாரப்பூர்வப் போட்டிகளின் இருவர்-இருவர் ஆட்டத்துக்கு இதை அப்படியே கொண்டுபோகாதீர்கள். அங்கே ஆறு பேரில் நால்வரைத்தான் இறக்க முடியும். ஆட்டம் சில டர்ன்களில் முடிந்துவிடும். இன்டிமிடேட், ஃபேக் அவுட், ஃபாலோ மீ போன்றவைதான் அங்கே தற்காப்பு. ஸ்பைக்ஸ் விரித்துக் காத்திருக்க அங்கே நேரமில்லை.

நீங்கள் பேருந்தில் ஆடுகிறீர்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் வேலந்தாவளத்தைத் தாண்டும்போது கேரளத்து டவரிலிருந்து தமிழ்நாட்டு டவருக்கு மாறும் இடத்தில் இணைப்பு விட்டுவிட்டு வரும். டைமர் போடப்பட்டிருந்தால் அது உங்களுக்காக நிற்காது. நூறு டர்ன் இழுக்கும் முழு ஸ்டால் அணியோடு எல்லையைக் கடப்பவர், ஆட்டத்தில் தோற்காமலே நேரத்தில் தோற்பார். முடித்துவைக்கும் இருவர் உள்ள பேலன்ஸ் அணியை நான் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டில் உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களின் ரீப்ளேக்களைச் சேமித்துவைத்து, வரும் வழியில் அவற்றைப் பாருங்கள். தோற்ற டர்னைப் பார்க்க வேண்டாம். எதிராளியின் முதல் ஸ்பைக்ஸ் விழுந்த டர்னிலிருந்து உங்கள் ஒவ்வோர் இறக்கத்துக்கும் எவ்வளவு எச்.பி. போயிற்று என்று மட்டும் எண்ணிக்கொண்டு வாருங்கள்.

ப்ளிஸ்ஸியை எடுக்கச் சொல்ல மாட்டேன். அதை வைக்க வேண்டுமென்றால் ஸ்லோகிங்கின் இடத்தில் வையுங்கள். ஸ்பெஷல் தாக்குதலைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய சுவர் உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் அப்படிச் செய்தால் ஃபைட்டிங்குக்குப் பலவீனமானவர்கள் டிங்-லூ, ப்ளிஸ்ஸி என இருவர் ஆகிவிடுவார்கள். அதைக் கால்வாசியாக வாங்கிய ஸ்லோகிங்கும் போயிருக்கும். அப்போது கோல்டெங்கோவை வேகத்துக்குக் கட்டாமல் எச்.பி., தற்காப்பு இரண்டிலும் ஏற்றி, ஃபைட்டிங் அடி வரும்போது இறங்குகிறவராக மாற்றுங்கள். கோஸ்ட் என்பதால் அந்த அடி அதன்மேல் படாது. உடல்வழித் தற்காப்பில் சேதத்தைக் கணக்கிடும் சைஷாக் அடிப்பவர்கள் ப்ளிஸ்ஸியைத் தேடி வருவார்கள். அவர்களுக்கு எதிரே டிங்-லூவை இறக்குங்கள், டார்க் டைப்பின்மேல் சைக்கிக் அடி விழாது. கிரேட் டஸ்க்கைத் தாங்குவது முழுக்கக் கார்விநைட்டின் பொறுப்பாகும் என்பதால், அந்த அணியில் கார்விநைட்டுக்கு முழுத் தற்காப்பு ஈவி-யும், தற்காப்பை வைத்தே அடிக்கும் பாடி பிரஸ்ஸும் கொடுத்துவிடுங்கள்.